துப்புகிற சாஹேப்

எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. பத்தாவது வரை புனேயில், கட்கியில் படித்தேன், அதுவும் மராத்தியில். தமிழ் எழுத்தை, ராணுவ டிப்போவில் வேலை பார்த்த அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வார இதழ்களை விரித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

எழுதவைத்தது ஒரு படம். கோந்த்வாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டினேன். அரைப் பக்கத்துக்கு அவர் இருந்தார். கையில் கோப்பை, பின்னால் திராட்சைக் கொடி. விவசாயிகளின் நண்பர் என்று கீழே போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை. அந்தப் பெயரை இன்னும் ஒரு இடத்தில் அச்சில் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் நான் போசரியில் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோரில் இருந்தேன். கம்பெனி மூடியது. மும்பைக்காரர் ஒருவர் ஷெட்டை வாங்கி, எண்ணெய் ஊறிய தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டு, இரண்டு ஆள் உயர எஃகுத் தொட்டிகளை வரிசையாக நிறுத்தினார். ஒயின் செய்யப்போகிறார்கள் என்றார்கள். அப்போது அந்தத் தொழிலுக்கு அரசாங்கம் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தது. நாசிக் பக்கமும் புனே பக்கமும் கையில் காசு உள்ளவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒயின்காரர்கள் ஆனார்கள். ஷெட்டோடு சேர்த்து என்னையும் வைத்துக்கொண்டார்கள். கோப்பை கழுவுவது, வரும் திராட்சையில் சர்க்கரை பார்ப்பது, மராத்தியில் பேசுவது, இவை என் வேலை. மூன்றாவதுதான் முக்கியம். ஏனென்றால் ருசி பார்ப்பதற்கென்று முதலாளி சென்னையிலிருந்து கொண்டுவந்த இந்த மனிதருக்குத் தமிழும் இங்கிலீஷும் தவிர வேறு எதுவும் வராது. வரவழைத்துக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை.

முதல் நாளே என்னிடம் துப்புவதற்கு ஒரு பாத்திரம் கேட்டார். ஒயினை வாயில் ஊற்றி, கொப்பளித்து, துப்பிவிட்டுத்தான் கருத்துச் சொல்ல வேண்டுமாம். விழுங்குகிறவன் குடிகாரன், துப்புகிறவன் நிபுணன் என்றார். பிரெஞ்சு தேசத்தில் இதற்கென்று தனிப் பாத்திரம் உண்டாம். போசரிக் கடைத்தெருவில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுவார்களே, அந்த எவர்சில்வர் வாளி ஒன்றை வாங்கி வந்தேன். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. "ஷேப் பரவாயில்லையே, எங்கேப்பா புடிச்சே?" என்று பாராட்டினார். ஆறு வருடம் அந்த வாளியை அவர் வாய்க்கு நேராகப் பிடித்திருக்கிறேன். ஆறு வருடமும் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம், அது சாம்பார் வாளி என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான்.

ஒயினோடு நின்றிருந்தால் தொழில் என்று விட்டிருப்பேன். அவர் எதையும் விழுங்க மாட்டார். தெருமுனைக் கைவண்டியில் பட்டறை ஆட்கள் வரிசையில் நின்று குடிக்கிற டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வண்டிக்காரன் கண் எதிரிலேயே சாக்கடையில் துப்பினார். "வெந்நீர்ல துணியை நனைச்சுப் புழிஞ்ச மாதிரி இருக்கு." ஒருநாள் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து, புளியோதரையா, கொஞ்சம் கொடு என்றார். நானும் பெருமையாகக் கொடுத்தேன். மென்றார், மேலே பார்த்தார், வாளியைக் கேட்டார். "உப்பு முன்னாடி வருது, புளி பின்னாடி வருது, நடுவுல ஒண்ணும் இல்லப்பா."

வீட்டில் இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "நடுவுல மூளைதான் இல்லன்னு அந்தாளுகிட்ட சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

பக்கத்து லேத் பட்டறையின் எண்ணெய் வாடை தன் மூக்கைக் கெடுக்கிறது என்று அந்தச் சுவரில் இருந்த ஜன்னல்களை எல்லாம் அடைக்கச் சொன்னார். அடுத்து என் தலையைப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஷெட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. இப்போது என் தலை இருக்கிற நிலைமைக்கு எங்கள் பரம்பரைதான் காரணம் என்கிறார்கள். நான் அவரைத்தான் சொல்வேன்.

போலி ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். அதுவாவது பரவாயில்லை. அவர் நாக்கு அசல் நாக்கு. ஒருமுறை ஒரு பையன் வடிகட்டிய தண்ணீருக்குப் பதிலாக முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீரில் தொட்டியைக் கழுவிவிட்டான். யாருக்கும் தெரியாது. பத்து நாள் கழித்து அந்தத் தொட்டி ஒயினை வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, "குழாய்த் தண்ணி" என்றார். விசாரித்தால் உண்மை. அன்று என் தோளில் தட்டி, "நாக்கு பொய் சொல்லாதுப்பா, தெரிஞ்சுக்கோ" என்றார். இதை அவர் வாரம் ஒருமுறையாவது சொல்வார்.

இந்த நாக்கைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ஊர் ஊராகப் போனோம். ஜுன்னர் பக்கத்தில் தத்தோபா என்று ஒரு விவசாயி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரைக் காகா, சித்தப்பா, என்பேன். தமிழன் என்பதால் அவர் என்னை அண்ணா என்பார். இரண்டரை ஏக்கரில் சாப்பிடுகிற பச்சைத் திராட்சை, தாம்சன், போட்டிருந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கொத்தை அறுத்து, வேட்டி நுனியில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். இவர் ஒரு பழத்தை வாயில் போட்டு, மென்று, கொடியின் வேரிலேயே துப்பினார்.

"சர்க்கரைத் தண்ணி. குழந்தைங்க திங்கறது. இதைப் புடுங்கிட்டு ஷிராஸ் வைக்கச் சொல்லு. மொத்தமும் நாம எடுத்துக்கறோம்னு சொல்லு."

துப்பியதை விட்டுவிட்டு மற்றதை மராத்தியில் சொன்னேன். ஷிராஸ் மாதிரி ஒயின் திராட்சையில் ஒரு சங்கடம் உண்டு. பழம் சின்னது, தோல் தடிப்பு, உள்ளே கொட்டை. கம்பெனி வாங்காவிட்டால் மண்டியில் யாரும் தொட மாட்டார்கள். தத்தோபாவும் அதைத்தான் கேட்டார். "நீங்க எடுக்கலேன்னா நான் இதை எங்க கொண்டுபோறது அண்ணா?" எங்கள் ஆள் சிரித்து, எடுக்காமல் எங்கே போகப்போகிறோம், அக்ரிமென்ட் இருக்கிறது, சர்க்கரை அளவு இருபத்தொன்றுக்கு மேல் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும் என்றார். அதையும் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். தத்தோபா பன்னிரண்டு வருடக் கொடிகளைப் பிடுங்கினார்.

மூன்றாம் வருடம் முதல் காய்ப்பு. தத்தோபாவும் அவர் மனைவியும் டெம்போவின் முன் சீட்டில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். கிரேட்டைத் திறந்தால், ஒவ்வொரு கொத்தும் செய்தித்தாளில் பொதிந்திருந்தது. பழங்கள் கோலிக்குண்டு போல இருந்தன. சாப்பிடுகிற திராட்சைக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்திருந்தார். கொத்து கொத்தாக மருந்துக் கரைசலில் முக்கி எடுத்து, கடைசி வாரம் வரை தண்ணீர் விட்டு, பழத்தைப் பெருக்கவைத்திருந்தார். ஒயினுக்கு அது ஆகாது. பழம் சின்னதாக, தாகத்தில் வாடி, சாறு கெட்டிப்பட வேண்டும். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஏ.சி. காரைவிட்டு இறங்கவில்லை.

கார்க் போடுகிற பெண்களிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாரையும் இவர் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, பொண்ணுக்கு அலங்காரம் பண்ணிக் கூட்டிவந்திருக்கார். இதைப் புழிஞ்சா ஒயின் வராது, பன்னீர்தான் வரும்." அவர் சிரிப்பதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். மொழி தெரியாமலே தத்தோபாவும் கூடச் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். அந்த வருடம் பாட்டில்கள் பறந்துகொண்டிருந்ததால் பன்னீரையும் எடுத்துக்கொண்டார்கள். அளவு பார்த்துக் கலந்து, விற்றும்விட்டார்கள்.

டெம்போ கிளம்புவதற்கு முன்பு தத்தோபா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் சிரித்தார்கள் என்று கேட்டார். அவர் எப்படியோ புரிந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முக்கக் கூடாது, பழம் நிறம் மாறிய பிறகு தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும், கடைசி மூன்று வாரம் இலை தொங்கினாலும் தண்ணீர் விடக் கூடாது.

அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது. "தாகத்துல நிக்கிற கொடியைப் பாத்துக்கிட்டு எப்படி அண்ணா சோறு எறங்கும்?" என்று கேட்டார்.

ஆனால் செய்தார். அடுத்த இரண்டு வருடமும் அவர் சரக்கு நன்றாக வந்தது. அந்த ஊருக்குப் போகிறபோது அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார், கடைசி மூன்று வாரம் இவர் முன்வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை, அங்கிருந்து தோட்டம் தெரியும், தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுகிறார் என்று.

நல்ல வருடங்களில் எங்கள் ஆள் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒயின் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் வாளியோடு போவேன். சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். முதலில் முகர வேண்டும், பிறகு கொப்பளிக்க வேண்டும், பிறகு துப்ப வேண்டும் என்று செய்து காட்டுவார். காசு கொடுத்துவிட்டு எதற்கு சார் துப்பணும் என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் இதில் கொஞ்சம் ஸ்ப்ரைட் ஊற்றலாமா என்றான். ஒரு பெண், டாக்டர் இது இதயத்துக்கு நல்லது என்றாரே, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். எல்லாருக்கும் இனிக்கப் பேசினார். திரும்பி வரும்போது காரில், "மோர் குடிச்ச வாய்ங்க. இதுங்களை நம்பி ஒரு இண்டஸ்ட்ரி" என்றார். அந்த மோர் குடித்த வாய்கள்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தன. அவரும் திருச்சி பக்கத்தில் மோர் குடித்து வளர்ந்தவர்தான் என்று அவருடைய டிரைவர் எனக்குச் சொல்லியிருந்தான்.

பிறகு சந்தை சரிந்தது. மும்பையில் இரண்டாயிரத்து எட்டு நவம்பரில் ஓட்டல்களில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வரவில்லை. கம்பெனிகளில் விருந்துகளை நிறுத்தினார்கள். பாட்டில்கள் பெட்டியோடு திரும்பி வந்தன. ஜனவரியில் முதலாளி வந்து ஒவ்வொரு தொட்டியாக விரலால் தட்டிப் பார்த்தார். எல்லாம் நிறைந்த சத்தம். இந்த வருடம் ஒரு கிலோ எடுக்கவும் இடமில்லை, ஆனால் அக்ரிமென்ட் போட்டு வைத்திருக்கிறோமே என்றார். இவர் மெதுவாக, அக்ரிமென்டில் சர்க்கரைக்கு ஒரு வரி இருக்கிற மாதிரி ருசிக்கும் ஒரு வரி இருக்கிறது, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ருசியைத் தீர்மானிக்கிறவர் யார் என்று அந்த வரியில் இருந்தது. நான் வாளியோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் ஆள் என்று கணக்கில் எடுப்பதில்லை.

பிப்ரவரியில் தத்தோபாவின் டெம்போ வந்தது. காலை எட்டு மணி. இருட்டோடு அறுத்த பழம், கிரேட்டில் கை வைத்தால் இன்னும் சில்லென்றிருந்தது. சின்னச் சின்னப் பழங்கள், மை போலக் கறுப்பு. சர்க்கரை பார்க்கும் குழாயை எடுத்து, மூன்று கிரேட்டிலிருந்து மூன்று சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இருபத்து மூன்று. இருபத்து மூன்றரை. இருபத்து மூன்று. ஆறு வருடத்தில் அப்படி ஒரு சரக்கு எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். குழாயைத் தத்தோபாவிடமும் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு மனைவியிடம், "தேவீஸ்" என்றார். இருபத்து மூன்று. டெம்போ சீட்டில் இருந்த அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எங்கள் ஆள் வந்தார். ஒரு பழம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மென்றார். கூரையைப் பார்த்தார். நான் வாளியை நீட்டினேன். துப்பினார்.

"தண்ணி."

நான் வாளியைப் பிடித்தபடியே நின்றேன்.

"என்னப்பா நிக்கிறே? தண்ணி விட்டுருக்கார். ருசி இல்ல. எடுக்க முடியாதுன்னு சொல்லு."

சொன்னேன். தத்தோபா கோபப்படவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது, விளக்கினால் சரியாகிவிடும் என்கிற மாதிரி நிதானமாகப் பேசினார். நிறம் மாறிய பிறகு தண்ணீரைக் கட்டுப்படுத்திவிட்டதாகவும், கடைசி மூன்று வாரம் ஒரு சொட்டு விடவில்லை என்றும் சொன்னார். மறுபடியும் பிடுங்க வேண்டி வந்தால் இன்னொரு தடவை நட்டு வளர்க்கத் தனக்கு வயது இல்லை என்றும் சொன்னார். அவர் மனைவி வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அவர் நேராக என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"மூணு வாரமா இந்த மனுஷன் பின்வாசல்ல உக்காந்து சாப்பிட்டாரு. அதைச் சொல்லு சாஹேப்கிட்ட."

"சார், மூணு வாரமா பின்வாசல்ல உக்காந்து சாப்பிட்டாராம்" என்றேன்.

"அதுக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சட்டைப் பையில் எழுதி மடித்து இருந்தது. தத்தோபா என் பையைப் பார்த்தார். "அண்ணா, நீயே பாத்தியே. எவ்வளவு இருந்துச்சுன்னு சொல்லேன்." நான் வாளியைக் கையில் மாற்றிப் பிடித்தேன். அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிற எனக்கு அன்று ஒரு எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

 தத்தோபா டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்தப் பக்கத்து ஊர்களில் இவருக்கு 'துங்க்ணாரே சாஹேப்' என்று பெயர். துப்புகிற சாஹேப். டெம்போ வளைந்து போகும்போது அந்த அம்மாள் அதைச் சொன்னது என் காதில் விழுந்தது. பார்த்தது அவரையல்ல, வாளி பிடித்துக்கொண்டிருந்த என்னை.

மாதிரிக்கு என்று எங்கள் ஆள் ஒரு கிரேட்டை மட்டும் இறக்கிவைக்கச் சொல்லியிருந்தார். மத்தியானம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க அவரைத் தேடினேன். அறையில் இல்லை. கார், மூடிய ஜன்னல்களோடு ஷெட்டின் பின்னால் நின்றது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அந்தக் கிரேட். மடியில் கைக்குட்டை விரித்து, அதன்மேல் ஒரு கொத்தை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பழமாகக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, தோலோடும் கொட்டையோடும் மென்று விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆறு வருடத்தில் அவர் ஒன்றை விழுங்கி அன்றுதான் பார்த்தேன். ஒரு கொத்து தீர்ந்து காம்பு மட்டும் மிஞ்சியது. திரும்பி, கிரேட்டில் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"என்னப்பா?"

"வாளி வேணுமா சார்?" என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரிடம் நான் பேசிய தைரியமான பேச்சு இது ஒன்றுதான். அதுவும் தாமதமாக. யாருக்கும் உதவாத பேச்சு.

அவர் என்னையே பார்த்தார். உதடு கறுத்திருந்தது.

"வேணாம்" என்றார். கண்ணாடி மேலே ஏறியது.

மறுநாள் ஜுன்னர் பக்கமிருந்து இரண்டு டெம்போக்கள் வந்தன. இரண்டுக்கும் அவர் துப்பினார். நான் வாளியைப் பிடித்தேன். மத்தியானம் அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைத்தேன்.